கேரில் சர்ச்சிலின் ‘டாப் கேர்ல்ஸ்’: அந்த விருந்துக் காட்சி எதற்கு?

சாளரம்:

வணக்கம். எங்கள் வாசிப்புக் குழுவில் மாதம் ஒரு நாடகத்தை, பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொண்டு, வாய்விட்டு வாசிக்கிறோம். அடுத்த மாதம் ஆங்கில நாடக ஆசிரியர் கேரில் சர்ச்சிலின் ‘டாப் கேர்ல்ஸ்’ (1982). நான் தனியாக ஒருமுறை படித்துவிட்டேன். படித்து முடித்ததும் வந்த கேள்வி இது.

மார்லீன் என்பவள் ஒரு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராகப் பதவி உயர்வு பெறுகிறாள். அதைக் கொண்டாட ஓர் உணவகத்தில் விருந்து வைக்கிறாள். வருகிறவர்கள் யார்? 19ஆம் நூற்றாண்டின் பயணி இசபெல்லா பேர்ட். 13ஆம் நூற்றாண்டு ஜப்பானில் அரண்மனையில் வாழ்ந்து, பிறகு பிக்குணியாகி நாடெங்கும் நடந்த லேடி நிஜோ. ஆண் வேடத்தில் போப்பாண்டவர் ஆனதாக ஐதீகம் சொல்லும் ஜோன். 16ஆம் நூற்றாண்டு ஓவியர் பிரூகலின் படத்தில் கவசம் அணிந்து நரகத்தின் வாசலுக்குப் பாயும் டல் கிரெட். பழைய ஆங்கிலக் கவிஞர் சாசர் சொன்ன கதையில் வரும் பொறுமைசாலி கிரிசெல்டா. சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள், பேசித் தீர்க்கிறார்கள். அதற்குப் பிறகு நாடகத்தில் அவர்களைக் காணோம். மிச்சமெல்லாம் மார்லீனின் அலுவலகத்திலும் அவள் சகோதரி ஜாய்ஸின் வீட்டிலும் நடக்கிற யதார்த்த நாடகம்.

குழுவில் இருவர், நேரம் போதாது, முதல் காட்சியை விட்டுவிட்டு அலுவலகத்திலிருந்து தொடங்கலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எடுத்துச் சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

கடல்நாரை:

விட்டுவிடாதீர்கள். அந்தக் காட்சிதான் நாடகத்தின் கணக்குப் புத்தகம்.

ஒவ்வொருத்தியும் தன் சாதனையில்தான் பேச்சைத் தொடங்குகிறாள். பேச்சு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். நிஜோ பெற்ற குழந்தைகளை அவளிடமிருந்து எடுத்துப் போய்விட்டார்கள். கிரிசெல்டாவின் குழந்தைகளைக் கணவன் பறித்தான். அவள் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. ஜோன் ஊர்வலத்தின் நடுவே தெருவில் பிள்ளை பெற்றாள், கல்லெறிந்து கொன்றார்கள். கிரெட் தன் பிள்ளைகளைப் படையெடுத்து வந்தவர்களிடம் பறிகொடுத்தாள். விருந்து வைத்த மார்லீன் மட்டும் இந்தப் பேச்சில் தன் பங்கைச் சொல்வதில்லை. கடைசிக் காட்சியில்தான் நமக்குத் தெரிகிறது: ஜாய்ஸின் மகள் என்று நாம் நினைத்த ஆஞ்சியைப் பெற்றவள் மார்லீன். குழந்தையைச் சகோதரியிடம் விட்டுவிட்டுத்தான் அவள் லண்டனுக்கு வந்து முன்னேறினாள். அந்த மேசையில் அவளும் ஒரு தாயாகத்தான் உட்கார்ந்திருந்தாள். முதல் காட்சியை எடுத்துவிட்டால் கடைசிக் காட்சி ஒரு குடும்ப ரகசியம் உடைகிற காட்சியாகச் சுருங்கிவிடும்.

இன்னொருத்தியை மறந்துவிடாதீர்கள். பரிசாரகி. வருகிறாள், தட்டு வைக்கிறாள், எடுக்கிறாள், இன்னொரு பாட்டில் கொண்டுவருகிறாள். காட்சி முழுவதும் அவளுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. பெண்களின் வெற்றிக்காக எழுப்பப்படும் கோப்பைகளை நிரப்புகிறவள் அவள்.

ஒற்றையடி:

சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் எட்டுமா? ஆறு பெண்கள் ஒரே நேரத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசுகிறார்கள். பாதி வசனம் காதில் விழாது. விழாத வசனத்தில்தான் நாடகத்தின் பொருளே இருக்கிறது என்றால், அது பார்வையாளருக்காக எழுதியதா, ஆய்வு மாணவருக்காக எழுதியதா?

சர்ச்சில் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1938இல் பிறந்தவர், 1972இல் ‘ஓனர்ஸ்’ முதல் ராயல் கோர்ட் அரங்கோடு அரை நூற்றாண்டு உறவு. ஆனால் ஒவ்வொரு நாடகத்திலும் ஒரு புது உத்தி இருந்தாக வேண்டும் என்கிற பிடிவாதம் அவரிடம் தெரிகிறது. ஒன்றில் வசனம் எதுகையில் வருகிறது. ஒன்றில் ஆணின் வேடத்தைப் பெண் போடுகிறாள். ‘புளூ கெட்டில்’ (1997) நாடகத்தில் வசனத்தின் சொற்களை விழுங்கிவிட்டு ‘புளூ’, ‘கெட்டில்’ என்ற இரண்டு சொற்கள் போகப் போகப் பெருகிக்கொண்டே போகின்றன. சொல்ல வந்ததை விட்டுவிட்டு நான் உத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பனையோலை:

ஒற்றையடி, ஒருவர் மேல் ஒருவர் பேசுவதைப் பற்றி மட்டும் நடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

புத்தகத்தைத் திறந்தால் வசனங்களின் நடுவே ஒரு சாய்கோடு தெரியும். அடுத்தவர் எந்தச் சொல்லில் குறுக்கிட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. முதலில் பேசியவர் நிறுத்தக் கூடாது. தன் வரியை முடிக்க வேண்டும். சில இடங்களில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்: இந்த வசனம் பக்கத்திலிருக்கும் வரிக்குப் பதில் அல்ல, அதற்கு முன்னால் சொன்ன இன்னொன்றுக்குப் பதில் என்று அர்த்தம். 1980இல் ‘த்ரீ மோர் ஸ்லீப்லெஸ் நைட்ஸ்’ நாடகத்தில் ஒரு தம்பதியின் படுக்கையறைச் சண்டைக்காகத் தொடங்கிய முறை. ‘டாப் கேர்ல்ஸ்’ அதை ஆறு குரல்களுக்கு விரித்தது. இன்று ஆங்கில நாடகம் எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் இந்தச் சாய்கோட்டை யாரிடமிருந்து வந்தது என்றுகூட யோசிக்காமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

மேலோட்டமாகக் கேட்டால் குழப்பம். ஒரு பயிற்சி வகுப்பில் இந்தக் காட்சியை நடித்துப் பார்த்தபோது நான் உணர்ந்தது இது: குறுக்கிடல் எப்போதும் தன் கதைக்குள் மற்றவளை இழுப்பதற்காக நடக்கிறது. நிஜோ தன் துயரத்தைச் சொல்லும்போது இசபெல்லா தன் தங்கை ஹென்னியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். ஒருத்தியின் இழப்பை இன்னொருத்தி காதில் வாங்குவதில்லை. உங்கள் காதில் பாதி விழாது என்று சொன்னீர்களே, மேசையில் இருப்பவர்களுக்கும் விழுவதில்லை. தோழமை இருந்திருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை என்பதை யாரும் வாய்திறந்து சொல்லாமலே பார்வையாளர் அனுபவித்துவிடுகிறார்.

பிறகு மௌனம் வரும். அதுவரை ஒற்றைச் சொற்களில் பதில் சொல்லிக்கொண்டு ரொட்டியையும் தட்டையும் தன் கூடைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த கிரெட், கடைசியில் எழுந்து நரகத்துக்குள் தான் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போன கதையைச் சொல்வாள். அப்போது யாரும் குறுக்கிடுவதில்லை. ஒரு சாய்கோடுகூட அந்தப் பேச்சில் குறுக்கே வராது. அதற்கு முந்திய இரைச்சல் இல்லாவிட்டால் இந்த நிசப்தத்துக்கு வேலையே இல்லை.

சாளரம்:

பனையோலை அண்ணா, இதைக் குழுவில் அப்படியே வாசித்துக் காட்டப்போகிறேன். யார் யார் எந்தப் பாத்திரம் என்று எப்படிப் பிரிப்பது? நாங்கள் ஒன்பது பேர். நாடகத்தில் பதினாறு பாத்திரங்கள்.

கடல்நாரை:

1982இல் மேக்ஸ் ஸ்டாஃபர்ட்-கிளார்க் இயக்கியபோது ஏழு நடிகைகள். மார்லீனாக நடித்த குவென் டெய்லருக்கு மட்டும் ஒரே வேடம். மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று. லேடி நிஜோவாக வந்த லிண்ட்சே டங்கன் அலுவலகத்தில் வின் என்ற ஊழியராக வருவார். இசபெல்லாவாக வந்த டெபோரா ஃபிண்ட்லேதான் ஜாய்ஸ். உலகம் சுற்றியவளின் முகம், ஊரைவிட்டு நகர முடியாதவளுக்கு. டல் கிரெட்டாக வந்த கரோல் ஹேமன் அடுத்து ஆஞ்சியாக வருவார். நரகத்தின் மேல் படையெடுத்தவளின் முகம், எல்லோரும் மந்தம் என்று ஒதுக்கிய பதினாறு வயதுப் பெண்ணுக்கு. ஆஞ்சியிடம் இருக்கும் மூர்க்கத்தை அந்த முகம் நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

2019இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி நடிகை வைத்துப் போட்டார்கள். நான் பார்த்தேன். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய மேடையில் இத்தனை பெண்களை ஒன்றாகப் பார்ப்பது அரிய காட்சிதான். ஆனால் விருந்துக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த நூல் அறுந்துபோனதாகத்தான் எனக்குப் பட்டது. ஒன்பது பேர் இருந்தாலும் கிரெட், ஆஞ்சி இரண்டையும் ஒருவருக்கே கொடுங்கள்.

நிலவறை:

நல்ல இழை. ஒரு கவுனைப் பற்றிச் சொல்லவே உள்ளே வந்தேன்.

கொல்லைப்புறக் காட்சியில் ஆஞ்சி தன் நல்ல கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டு வருகிறாள். அது அவளுக்குச் சற்றுச் சின்னதாகிவிட்டது. கையில் ஒரு செங்கல். அம்மாவைக் கொல்லப் போட்டுக்கொண்ட உடுப்பு என்று தோழி கிட்டிடம் சொல்கிறாள். படிக்கிறபோது விசித்திரமான பெண் என்று கடந்துபோவோம். பிறகு லண்டனில் மார்லீன் அலுவலகத்துக்குத் தானே பஸ் ஏறிப் போகிறாள். அங்கே மார்லீன் சக ஊழியரிடம், இந்தப் பெண் தேறமாட்டாள் என்று சொல்லிவிடுகிறாள். அதன் பிறகு கடைசிக் காட்சி, ஓராண்டு பின்னோக்கிப் போகிறது. மார்லீன் பரிசுகளோடு ஜாய்ஸ் வீட்டுக்கு வருகிறாள். ஆஞ்சி ஒரு பொட்டலத்தைப் பிரிக்கிறாள். அந்தக் கவுன். புத்தம் புதிது. ஆசை ஆசையாய்ப் போட்டுக்கொண்டு வந்து காட்டுகிறாள்.

நமக்கு அந்த உடுப்பின் எதிர்காலம் தெரியும். அவளுக்குத் தெரியாது. அதற்காகத்தான் சர்ச்சில் கால வரிசையைப் புரட்டிப்போட்டார். அதே இரவில் சகோதரிகள் இருவரும் விஸ்கி குடித்துக்கொண்டு அன்றைய பிரதமர் தாட்சரைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். எண்பதுகள் அமோகமாக இருக்கப்போகின்றன என்கிறாள் மார்லீன். யாருக்கு என்று கேட்கிறாள் ஜாய்ஸ். திறமை இருப்பவர் மேலே வரலாம், மற்றவர் எப்படியோ போகட்டும் என்று மார்லீன் வாதாடும்போது, அந்த மற்றவர் மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். கொள்கைச் சண்டையாக ஒலிப்பது பெற்ற மகளின் தலைவிதி.

ஒற்றையடி, நேர் வரிசையில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். சித்தி கவுன் வாங்கித் தருகிறாள், பெண் ஏமாறுகிறாள், கதை முடிந்தது. கண்கலங்கிவிட்டு எழுந்து வந்துவிடுவோம்.

ஒற்றையடி:

கவுன் விஷயம் என்னை உலுக்கிவிட்டது என்பதை மறைக்கவில்லை. ‘டாப் கேர்ல்ஸ்’ வரை சரி. ‘சீரியஸ் மனி’ (1987) எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் பங்குச் சந்தையின் 1986 தாராளமயமாக்கலைச் சாட வந்த நாடகம். வேகமான எதுகை வசனம், இயன் டியூரியின் பாட்டு, மேடையெங்கும் தொலைபேசிக் கூச்சல். யாரைச் சாடினாரோ அந்தத் தரகர்களே கூட்டம் கூட்டமாக வந்து கைதட்டிப் பார்த்தார்கள். வணிக அரங்கான வின்டாம்ஸுக்கு மாறி நன்றாக ஓடியது. உத்தி ஜெயித்தது, விமர்சனம் தோற்றது என்றுதான் அதைப் படிக்கிறேன்.

நிலவறை:

கைதட்டினார்கள் என்பது உண்மை. எனக்கும் அது உறுத்தல்தான். ஆனால் பேராசைக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது, அந்த வேகம் போதை தருகிறது என்பதைப் பார்வையாளர் தன் உடம்பிலேயே உணராமல் அந்த உலகத்தைப் புரிந்துகொள்ள முடியுமா? தொடக்கத்திலேயே ஷாட்வெல் என்பவர் எழுதிய 1692ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து பங்குத் தரகர் காட்சி ஒன்றை எடுத்து வைக்கிறார். முந்நூறு வருடங்களாக இதே ஆட்டம்.

சர்ச்சில் எழுதும் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். ‘ஜாயின்ட் ஸ்டாக்’ நாடகக் குழுவோடு வேலை செய்தபோது அவர் எழுதியே கொண்டுவந்ததில்லை. முதலில் நடிகர்களும் இயக்குநரும் அவரும் சேர்ந்து சில வாரங்கள் தகவல் திரட்டுவார்கள், ஆட்களைச் சந்திப்பார்கள், நடித்துப் பார்ப்பார்கள். பிறகு அவர் தனியாகப் போய் எழுதுவார். மறுபடி ஒத்திகை. 1976இல் ‘லைட் ஷைனிங் இன் பக்கிங்ஹாம்ஷயர்’ அப்படி வந்தது. 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் நிலமில்லாதவர்கள் கண்ட கனவு. 1979இல் ‘கிளவுட் நைன்’. முதல் அங்கம் விக்டோரியா காலத்து ஆப்பிரிக்கக் காலனி. இரண்டாம் அங்கம் 1979 லண்டன். பாத்திரங்களுக்கு மட்டும் இருபத்தைந்து வயதுதான் கூடியிருக்கும். முதல் அங்கத்தில் மனைவி பெட்டியாக ஓர் ஆண் நடிப்பார், கறுப்பின வேலையாள் ஜோஷுவாவாக ஒரு வெள்ளையர், மகன் எட்வர்டாக ஒரு பெண். பெட்டியும் ஜோஷுவாவும் எஜமானன் தாங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினானோ அப்படியே ஆகிவிட்டவர்கள். இதை வசனமாகச் சொல்லிப் பாருங்கள், மேடைப் பிரசங்கமாகிவிடும்.

தாழ்வாரம்:

இழையை இன்றுதான் படித்தேன். என்னை மிகவும் பாதித்தது ‘மேட் ஃபாரஸ்ட்’ (1990). ருமேனியாவில் 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌஷெஸ்கு வீழ்ந்தார். சில மாதங்களில் சர்ச்சிலும் இயக்குநர் மார்க் விங்-டேவியும் லண்டன் நாடகப் பள்ளி மாணவர்களும் புகாரெஸ்ட் போய் மக்களிடம் பேசினார்கள். ஜூன் மாதத்திலேயே நாடகம் மேடையேறிவிட்டது. அதே ஆண்டு புகாரெஸ்டிலும் நடித்தார்கள்.

அதில் ஒரு காட்சி: கருக்கலைப்பு குற்றமாக இருந்த நாடு. ஒரு பெண் மருத்துவரிடம் வருகிறாள். ருமேனியாவில் கருக்கலைப்பு என்பதே கிடையாது, அதை நீங்கள் நினைத்ததே எனக்கு அதிர்ச்சி என்று மருத்துவர் உரத்த குரலில் கடிந்துகொள்கிறார். அதே நேரத்தில் அவர் கை ஒரு தாளில் எழுதுகிறது. அவள் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறாள். பணம் கைமாறுகிறது. வாய் ஒன்று பேசுகிறது, கை வேறொன்று பேசுகிறது. ஒட்டுக்கேட்கும் அரசின் கீழ் வாழ்வது எப்படி என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

ஒற்றையடி:

இதை மறுக்க மாட்டேன், தாழ்வாரம். இங்கே உத்தி தனியாகத் தெரியவில்லை. ஆனால் பிற்கால நாடகங்கள்? ‘எஸ்கேப்ட் அலோன்’ (2016) ஒரு மணி நேரம்கூட இல்லை. ‘லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்’ (2012) ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுக் காட்சிகள். வசனத்துக்கு எதிரே பேசுபவர் பெயர்கூட இல்லை. யார், எங்கே, என்ன வயது எல்லாவற்றையும் இயக்குநரே தீர்மானிக்க வேண்டும். எழுத்தாளர் செய்ய வேண்டிய வேலையை மற்றவர் தலையில் கட்டுவதாகத் தோன்றுகிறது.

பனையோலை:

நடிகனுக்கு அது பாரமில்லை, விருந்து. ஆனாலும் ‘லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்’ பற்றி உங்களோடு பாதி உடன்படுகிறேன். மோசமான கைகளில் அது வெறும் துணுக்குத் தோரணமாகிவிடும்.

‘ஃபார் அவே’ (2000) அப்படியல்ல. ஏறக்குறைய ஐம்பது நிமிடம்தான். ஜோன் என்ற சிறுமி இரவில் தான் கண்டதைச் சித்தியிடம் கேட்கிறாள். கொட்டகையில் ரத்தம், அடிபடும் மனிதர்கள். சித்தி ஒரு பொய் சொல்கிறாள். குழந்தை இன்னொன்று கண்டதாகச் சொல்ல, பொய் மாறுகிறது. கடைசியில், நீயும் இப்போது நல்லவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டாய் என்று குழந்தையை உடந்தை ஆக்கிவிடுகிறாள். அடுத்த பகுதியில் ஜோன் வளர்ந்து தொப்பி செய்கிறாள். அந்த அலங்காரத் தொப்பிகள் யாருக்கு? கொல்லப்படப்போகும் கைதிகள் அணிவகுத்துப் போவதற்கு. அந்த அணிவகுப்புக்கு ஐந்து பேர் மிகக் குறைவு, பத்தைவிட இருபது மேல், நூறு இருக்கலாமா என்று நாடக ஆசிரியர் குறிப்பு எழுதியிருக்கிறார். ஜோனும் உடன் வேலை செய்யும் டாடும் கூலியைப் பற்றியும் வேலையிட ஊழலைப் பற்றியும் நேர்மையாகக் கவலைப்படுகிறார்கள். தொப்பி அணிந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீணாவது தொப்பிகள் என்றுதான் வருந்துகிறார்கள். இதை இரண்டரை மணி நேரமாக இழுத்தால் நாமும் அந்த உலகத்துக்குப் பழகிவிடுவோம்.

கடல்நாரை:

‘எஸ்கேப்ட் அலோன்’ ராயல் கோர்ட்டில் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய நான்கு பெண்கள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கடைகண்ணி, பேரப்பிள்ளைகள் என்று பேசுகிறார்கள். நடுநடுவே திருமதி ஜாரட் தனியே வந்து நின்று உலகம் அழிந்த விவரங்களைச் செய்தி வாசிப்பதுபோலச் சொல்கிறார். லிண்டா பேசட் நடித்தார். எழுபதைக் கடந்த நால்வருக்கு இவ்வளவு கனமான வேடங்களை வேறு எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்? எழுதியபோது சர்ச்சிலுக்கும் எழுபது தாண்டிவிட்டது. நீளம் பற்றிய பேச்சு அன்று எனக்கு நினைவுக்கே வரவில்லை.

தாழ்வாரம்:

2009இல் வந்த ‘செவன் ஜூயிஷ் சில்ட்ரன்’ பற்றி யாரும் பேசவில்லையே? பத்து நிமிட நாடகம், காஸா போர் முடிந்த சூட்டில் எழுதியது. பெரியவர்கள் ஒரு குழந்தையிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று விவாதிக்கிறார்கள். யூத வெறுப்பு என்று பலர் கண்டித்தார்கள்; சர்ச்சில் மறுத்தார். 2022இல் ஜெர்மனியில் அறிவித்த ஐரோப்பிய நாடக விருதைப் பின்னர் திரும்பப் பெற்றதற்கும் இஸ்ரேல் புறக்கணிப்பு இயக்கத்துக்கு அவர் தந்த ஆதரவோடு இந்த நாடகமும் காரணமாகப் பேசப்பட்டது.

மட்டுறுத்துநர்:

நண்பர்களே, இந்த நாடகத்துக்கு வேண்டுமானால் தனி இழை திறந்துகொள்ளுங்கள். பொறுமையாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே சாளரத்தின் கேள்வி நடுவில் நிற்கிறது.

சாளரம்:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசிவிட்டேன். விருந்துக் காட்சி முழுதாக இருக்கும். சாய்கோடுகளுக்குப் பழகத் தனியாக ஒரு மாலை ஒதுக்கியிருக்கிறோம். பரிசாரகி வேடத்தை, நேரம் போதாது என்று சொன்ன இருவரில் ஒருவரே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்கடுத்த மாதமும் சர்ச்சில்தான் என்று முடிவு. எதை எடுக்கலாம்? ‘எ நம்பர்’ (2002) நகலாக்கப்பட்ட மகன்களின் கதை என்பதால் இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆனால் இரண்டே நடிகர்கள். மற்றவர்கள் சும்மா உட்கார வேண்டும்.

நிலவறை:

‘ஃபென்’ (1983) எடுங்கள். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புநிலத்தை வடித்து உருவாக்கிய வயல்கள். அதில் கூலிக்கு உருளைக்கிழங்கு பொறுக்கும், கல் பொறுக்கும் பெண்கள். நாடகக் குழு அந்தப் பகுதிக் கிராமத்தில் தங்கி அங்கிருந்தவர்களிடம் கேட்டதிலிருந்து பிறந்த நாடகம். முதல் அரங்கேற்றத்தில் மேடைத் தரை முழுக்க மண். வீட்டுக்குள் நடக்கும் காட்சியும் அந்த மண்ணின் மேல்தான்.

வால் என்பவள் பிராங்கை நேசித்துக் கணவனை விட்டு வருகிறாள். பிள்ளைகளை விட்டிருக்க முடியவில்லை, அவனை விட்டும் இருக்க முடியவில்லை. தன்னைக் கொன்றுவிடச் சொல்கிறாள், கோடரியால் கொல்கிறான். செத்தவள் மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்து நிற்கிறாள். அதுவரை மண்ணோடு ஒட்டிக் கிடந்த நாடகம் அந்த இடத்தில் வேறாகிவிடுகிறது. நெல் என்ற பெண் பொய்க்காலில் நடந்து மேடையைக் கடக்கிறாள். ஷெர்லி வயலுக்கு இஸ்திரி போடுகிறாள். வாலின் தாய் மே பாடகியாக ஆசைப்பட்டவள். அந்த ஆசை நிறைவேறாததால் பாடவே மாட்டாள். கடைசியில் பாடுகிறாள்.

ஒற்றையடி:

‘ஃபென்’ நான் படித்ததில்லை. சாளரம், உங்கள் குழு வாசிக்கும் தேதியை இங்கே எழுதுங்கள். அதற்குள் புத்தகம் வாங்கிப் படித்துவிட்டு என் கருத்தை எழுதுகிறேன். நிலவறையோடு சண்டை போட அந்தக் கோடரிக் காட்சியில் எனக்கு இடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாளரம்:

‘ஃபென்’ என்றே வைத்துக்கொள்வோம். முதலில் ஆறு நடிகர்கள் இருபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களை ஏற்றார்கள் என்று முன்குறிப்பில் பார்த்தேன். ஒன்பது பேருக்கும் வேலை இருக்கும். மேயின் பாட்டைத்தான் யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. தேதியோடு அதையும் எழுதுகிறேன்.